ஐநூறு ரூபாய் நோட்டை எடுத்தால் கறுப்புப் பணம் குறையுமா? வடசென்னையில் நின்று ஒரு ஒப்பீடு

"2000 போன மாதிரி 500ம் போகணும், அப்பதான் லஞ்சம் ஒழியும்." வண்ணாரப்பேட்டை, தண்டையார்பேட்டை டீக்கடைகளில் இந்தப் பேச்சு அடிக்கடி காதில் விழுகிறது. 2025 மே மாதம் ஆந்திர முதல்வர் சந்திரபாபு நாயுடுவும் 500 ரூபாய் நோட்டை ஒழிக்க வேண்டும் என்று மேடையிலேயே கேட்டார். இப்படிப் பேசுபவர்கள் பெரும்பாலும் லஞ்சம் கொடுத்துக் கொடுத்துச் சலித்தவர்கள். அவர்கள் கோபம் நியாயமானது. ஆனால் நோட்டை எடுப்பதிலும் வகை இருக்கிறது. ராத்திரியோடு ராத்திரியாகச் செல்லாது என்று அறிவிப்பது ஒரு வகை. அச்சடிப்பதை நிறுத்திவிட்டு, அவகாசம் கொடுத்து வங்கி வழியாகத் திரும்பப் பெறுவது இன்னொரு வகை. நோட்டு இருக்கட்டும், கறுப்புப் பணம் பிறக்கிற இடத்தை அடைப்போம் என்பது மூன்றாவது வழி. மூன்றையுமே கொஞ்சம் கொஞ்சமாக நம் நாடு செய்து பார்த்திருக்கிறது. மூன்றின் விளைவும் வடசென்னைத் தெருக்களில் தெரிந்தது.

பெரிய நோட்டுக்கு எதிரான வாதத்தில் உண்மை இருக்கிறது. நூறு தாள் ஒரு கட்டு. ஒரு கோடி ரூபாயை 100 ரூபாய்த் தாள்களாக அடுக்கினால் ஆயிரம் கட்டு வரும். 500 ரூபாய் என்றால் 200 கட்டு. 2000 இருந்த காலத்தில் 50 கட்டு போதும், பள்ளிக்கூடப் பையில் அடங்கிவிடும். பதுக்கவும் கடத்தவும் கைமாற்றவும் பெரிய நோட்டு வசதி. ஆனால் இந்த வசதி பெரிய லஞ்சத்துக்குத்தான் வேண்டும். நடைபாதையில் கடை போடுபவர் கொடுக்கும் மாமூலும், சான்றிதழுக்காக மேசைக்கு அடியில் நீளும் பணமும் நூறிலும் இருநூறிலும் முடிந்துவிடும். இப்போது ஜிபேயில் லஞ்சம் வாங்கிப் பிடிபட்டவர்கள்கூட உண்டு. ஆகவே எந்த நோட்டை எடுத்தாலும் அன்றாட லஞ்சம் அப்படியேதான் இருக்கும். பெரிய தொகைகளைப் பற்றி மட்டும்தான் இங்கே விவாதிக்க முடியும்.

முதல் வழியை இந்தியா மூன்று முறை எடுத்தது: 1946, 1978, 2016. முதல் இரண்டிலும் போனவை சாதாரண மனிதர் பார்த்தே இராத நோட்டுகள். 1978 ஜனவரியில் மொரார்ஜி தேசாய் அரசு 1000, 5000, 10,000 ரூபாய் நோட்டுகளைச் செல்லாது என்றபோது கூலித் தொழிலாளி வீட்டில் அடுப்பு அணையவில்லை. அப்போதைய ரிசர்வ் வங்கி ஆளுநர் ஐ.ஜி.படேலுக்கே அதில் பெரிய நம்பிக்கை இல்லை. கறுப்புப் பணக்காரர்கள் அதைப் பெட்டியில் நோட்டாக வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பதில்லை என்பது அவர் கருத்து.

2016 நவம்பர் 8 கதை வேறு. அன்று செல்லாமல் போன 500, 1000 நோட்டுகள், புழக்கத்தில் இருந்த மொத்தப் பணமதிப்பில் சுமார் 86 சதவீதம். காய்கறிக்காரர், மீன்காரம்மா, மூட்டை தூக்குபவர், தண்டல் கட்டுபவர் எல்லோர் கையிலும் இருந்தது அந்த 500தான். வெளியே இருந்த நோட்டு சுமார் 15.41 லட்சம் கோடி ரூபாய். அதில் 15.31 லட்சம் கோடி, அதாவது 99.3 சதவீதம், வங்கிக்குத் திரும்பிவிட்டதாக ரிசர்வ் வங்கியின் 2017-18 ஆண்டறிக்கை சொன்னது. திரும்பாதது சுமார் 10,720 கோடி. புது நோட்டு அச்சடிக்க மட்டும் 2016-17இல் ஆன செலவு 7,965 கோடி. கறுப்புப் பணம் வைத்திருந்தவர்கள் வங்கிக்கு வரப் பயந்து நோட்டைக் கொளுத்துவார்கள் என்ற எதிர்பார்ப்பு பொய்த்தது.

எப்படித் திரும்பி வந்தது என்பதை அந்த வாரங்களில் வங்கி வரிசைகளைப் பார்த்தவர்கள் அறிவார்கள். கூலிக்கு ஆள் பிடித்து வரிசையில் நிறுத்தினார்கள். ஒரே ஆள் திரும்பத் திரும்ப வருகிறார் என்று விரலில் அழியா மை வைக்கும் அளவுக்குப் போனது. கமிஷனுக்குப் பழைய நோட்டு மாற்றிக் கொடுக்க இடைத்தரகர்கள் முளைத்தார்கள். தொழிலாளிகளுக்கு முன்கூட்டியே சம்பளம் என்று பழைய நோட்டைத் திணித்தவர்களும் உண்டு. அடுத்த மாதமே சென்னையில் நடந்த வருமான வரிச் சோதனைகளில் பல கோடி ரூபாய் புத்தம்புது 2000 நோட்டுகளாகவே பிடிபட்டன. ஏடிஎம்மில் ஒரு நாளைக்கு 2500 ரூபாய்க்கு நாமெல்லாம் நின்றுகொண்டிருந்த நேரம் அது.

ஆதரிப்பவர்கள் சொல்லும் ஒரு பதிலை இங்கே பதிய வேண்டும். வங்கிக்கு வந்துவிட்டதாலேயே பணம் வெள்ளையாகிவிடாது, யார் கணக்கில் எவ்வளவு வந்தது என்ற தடயம் கிடைத்தது, அதை வைத்து வருமான வரித்துறை கேள்வி கேட்க முடிந்தது என்பார்கள். சரி, அது உண்மைதான். ஆனால் அந்தத் தடயத்துக்காக நாட்டின் மொத்த ரொக்கத்தையும் ஒரே இரவில் முடக்க வேண்டியிருந்ததா? நவம்பர் 8 மாலை, அறிவிப்புக்கு முன் கூடிய ரிசர்வ் வங்கி இயக்குநர் குழுவே, கறுப்புப் பணத்தில் பெரும்பகுதி ரொக்கமாக இல்லை, தங்கமாகவும் நிலமாகவும் இருக்கிறது என்று கூட்டக் குறிப்பில் எழுதியிருந்தது. எழுதிவிட்டு ஒப்புதலும் கொடுத்தது. தகவல் உரிமைச் சட்டத்தின் வழியே அந்தக் குறிப்பு 2019இல்தான் வெளியே தெரிந்தது.

விலை கொடுத்தவர்கள் யார் என்பதற்குக் காசிமேடு போதும். மீன்பிடித் துறைமுகத்தில் விடியற்காலை ஏலம் ரொக்கத்தில் நடக்கிற வியாபாரம். கையில் காசு இருந்தால்தான் மீன்காரம்மா கூடையை நிரப்ப முடியும். படகுக்காரர் டீசல் போடுவதும், ஐஸ் வாங்குவதும், ஆட்களுக்குப் பங்கு பிரிப்பதும் அந்தக் காசில்தான். நவம்பரில் அது நின்றது. டிசம்பர் 12 அன்று வர்தா புயல் சென்னையைத் தாக்கியது. மின்சாரமும் செல்போனும் இல்லாமல் கிடந்த பகுதிகளில் ஏடிஎம், கார்டு இயந்திரம் எதுவும் வேலை செய்யாது. ரொக்கம் ஒன்றே உதவக்கூடிய நாட்களில் ரொக்கம் இல்லை. அடுத்து 2017 ஜனவரி 28 அன்று எண்ணூர் காமராஜர் துறைமுகம் அருகே கப்பல்கள் மோதி எண்ணெய் கொட்டியது, மீன் வாங்கவே மக்கள் பயந்தார்கள். புயலும் எண்ணெய்க் கசிவும் யாரும் திட்டமிட்டவை அல்ல. ஆனால் சேமிப்பே ரொக்கமாக இருக்கிற குடும்பத்தில் அந்த ரொக்கத்தை முதலில் முடக்கிவிட்டால், அடுத்து வரும் எந்த அடியையும் தாங்க முடியாது. அஞ்சறைப் பெட்டியிலும் அரிசிப் பானையிலும் பெண்கள் புருஷனுக்குத் தெரியாமல் சேர்த்த சிறுவாட்டுப் பணமும் அன்று வெளியே வந்து கணக்குச் சொல்ல வேண்டியதாயிற்று. பதுக்கல்காரர்களைத் தேடிய வலையில் சிக்கியது அந்தப் பணம். இதை என்னால் மன்னிக்க முடியவில்லை.

இவ்வளவும் பட்ட பிறகு ஊழல் பணம் நின்றதா? பதிலைத் தேடி வெளியூர் போக வேண்டாம். தண்டையார்பேட்டையும் கொருக்குப்பேட்டையும் அடங்கிய ஆர்.கே.நகர் தொகுதியில் 2017 ஏப்ரல் 12 இடைத்தேர்தல் நடக்க இருந்தது. பணப் பட்டுவாடா காரணமாகத் தேர்தல் ஆணையம் அதை ரத்து செய்தது. பழைய நோட்டுகள் செல்லாமல் போய் ஐந்து மாதம்தான் ஆகியிருந்தது! டிசம்பரில் மறுபடி நடந்தபோது 20 ரூபாய் நோட்டையே டோக்கனாகக் கொடுத்து, பிறகு பெரிய தொகை தருவதாக வாக்களித்தார்கள் என்ற குற்றச்சாட்டு எழுந்தது. 2016 மே மாதம், பணமதிப்பு நீக்கத்துக்கு முன், பணப் பட்டுவாடாவால் தள்ளிப்போனவை அரவக்குறிச்சியும் தஞ்சாவூரும். 2019 ஏப்ரலில், அதற்குப் பின், ரத்தானது வேலூர் மக்களவைத் தேர்தல். முன்னும் பின்னும் என்ன வித்தியாசம் என்று எனக்குத் தெரியவில்லை.

இரண்டாவது வழியின் நல்ல உதாரணம் 2000 ரூபாய் நோட்டு. 2018-19இலேயே அச்சடிப்பதை நிறுத்தினார்கள். 2018 மார்ச்சில் 6.73 லட்சம் கோடியாக இருந்தது, 2023 மே 19 அன்று திரும்பப் பெறும் அறிவிப்பு வந்தபோது 3.56 லட்சம் கோடியாகத் தானாகவே சுருங்கியிருந்தது. செப்டம்பர் 30 வரை அவகாசம், அப்புறம் அக்டோபர் 7 வரை நீட்டிப்பு, அதற்கும் பிறகு ராஜாஜி சாலையில் இருப்பது போன்ற ரிசர்வ் வங்கி அலுவலகங்களில் மாற்றலாம். நோட்டு சட்டப்படி செல்லாததாகவும் ஆகவில்லை. தங்கசாலையில் கடை மூடவில்லை, கொத்தவால்சாவடியில் லோடு நிற்கவில்லை. ஐரோப்பிய மத்திய வங்கி 500 யூரோ நோட்டை இப்படித்தான் முடித்தது. 2016 மே மாதம் முடிவெடுத்து, 2019இல் வெளியிடுவதை நிறுத்தினார்கள். கையில் இருப்பதை எப்போது வேண்டுமானாலும் மாற்றலாம். சிங்கப்பூர் 10,000 டாலர் நோட்டை 2014இலும் 1000 டாலர் நோட்டை 2021 தொடக்கத்திலும் நிறுத்தியது.

இந்த வழியில் பதுக்கியவர் தண்டிக்கப்படுவதில்லை. அவருக்கும் நான்கு மாத அவகாசம் கிடைத்தது, 20,000 ரூபாய் வரை ஒரே தடவையில் மாற்றவும் முடிந்தது. பலன் முழுக்க இனிமேல் வரும் காலத்துக்குத்தான்: 50 கட்டில் அடங்கியது 200 கட்டாகும், ஒளித்துவைப்பதும் கொண்டுபோவதும் சிரமமாகும், வழியில் மாட்டும் வாய்ப்பு கூடும். பலன் சின்னது, ஆனால் ஏழைக்கு வலி இல்லாமல் கிடைப்பது. முதல் வழியோடு வைத்துப் பார்த்தால் இதைத் தயக்கமில்லாமல் தேர்ந்தெடுப்பேன். 1000 ரூபாயை ஒழித்துவிட்டு அதைவிடப் பெரிய நோட்டைக் கொண்டுவராமலே இருந்திருந்தால் இந்த வேலையும் மிச்சம்.

மூன்றாவது வழிக்கு வருவோம். கறுப்புப் பணம் பிறக்கிற இடங்களில் நம் ஊருக்கு மிகப் பழக்கமானது பத்திரப் பதிவு. மாதவரம் பக்கம் அரை கிரவுண்டு மனை வாங்கப் போனால் விலைக்கு அடுத்த கேள்வி, "வெள்ளை எவ்வளவு, கறுப்பு எவ்வளவு?" ஒரு பேச்சுக்கு வைத்துக்கொள்வோம்: பேசிய விலை 80 லட்சம், அரசின் வழிகாட்டி மதிப்பு, அதாவது பத்திரப் பதிவுக்கு அரசு வைத்திருக்கும் குறைந்தபட்ச மதிப்பு, 50 லட்சம். பத்திரத்தில் 50 லட்சம் ஏறும், 30 லட்சம் ரொக்கமாகக் கைமாறும். முத்திரைத் தீர்வை 7, பதிவுக் கட்டணம் 2, ஆக 9 சதவீதம். 30 லட்சத்தை மறைத்தால் வாங்குபவருக்கு 2.7 லட்சம் மிச்சம். விற்பவருக்கு மூலதன ஆதாய வரி மிச்சம். இரண்டு பேருக்கும் லாபம் என்பதால் யாரும் புகார் கொடுக்க மாட்டார்கள். மாட்டிக்கொள்பவர் மாதச் சம்பளக்காரர்தான். பத்திர மதிப்புக்குத்தான் வங்கி கடன் தரும், மீதி 30 லட்சத்துக்கு அவர் நகையை விற்க வேண்டும் அல்லது வட்டிக்கு வாங்க வேண்டும். நேர்மையாகச் சம்பாதித்தவர் பணமும் இப்படித்தான் கறுப்பாகிறது.

இப்போது தேதிகளைப் பாருங்கள். நவம்பர் 2016இல் கறுப்புப் பணத்தை ஒழிக்க நோட்டுகள் போயின. ஏழே மாதத்தில், 2017 ஜூனில், தமிழக அரசு வழிகாட்டி மதிப்பை 33 சதவீதம் குறைத்து, பதிவுக் கட்டணத்தை 1 சதவீதத்திலிருந்து 4 சதவீதமாக உயர்த்தியது. மனை வியாபாரம் படுத்துக் கிடந்தது, அதைத் தூக்கிவிட வேண்டும் என்ற காரணம் இருந்தது. ஆனால் சந்தை விலைக்கும் பத்திர விலைக்கும் நடுவே உள்ள இடைவெளி அதனால் அகன்றது, மறைப்பதால் கிடைக்கும் லாபமும் கூடியது. மத்திய அரசு ஒரு பக்கம் தண்ணீரை இறைக்க, மாநில அரசு மறுபக்கம் மதகைத் திறந்தது. 2023 ஏப்ரலில்தான் மதிப்பைப் பழைய நிலைக்குக் கொண்டுபோய், கட்டணத்தை 2 சதவீதமாகக் குறைத்தார்கள். அந்தத் திசை சரி. மதிப்பு சந்தையை நெருங்க வேண்டும், வரிவிகிதம் இன்னும் இறங்க வேண்டும். அப்படி இறங்கினால் மறைப்பதில் லாபம் இருக்காது.

சட்டங்களும் இல்லாமல் இல்லை. நில விற்பனையில் 20,000 ரூபாயோ அதற்கு மேலோ ரொக்கம் கூடாது என்பது 2015 ஜூன் முதல். ஒரே நாளில் ஒருவரிடம் இரண்டு லட்சமோ அதற்கு மேலோ ரொக்கமாக வாங்கக்கூடாது என்பது 2017 ஏப்ரல் முதல். வேறொருவர் பெயரில் சொத்து வாங்கி ஒளிப்பதைத் தடுக்கும் பினாமி தடைச் சட்டத்தைக் கடுமையாக்கியது 2016 நவம்பர் 1. இவற்றை ஒழுங்காக நடத்த அதிகாரிகளும் நீதிமன்ற நேரமும் வேண்டும், ஒரே இரவில் தொலைக்காட்சியில் அறிவித்து முடிக்கிற வேலை இது இல்லை. அதனால்தான் எந்த அரசுக்கும் இதில் அவ்வளவு ஆர்வம் வருவதில்லை என்று நினைக்கிறேன்.

லஞ்சம் பிறக்கும் இன்னொரு இடம் கட்டட அனுமதி. 2024 ஜூலையில் தமிழக அரசு, 2500 சதுர அடி வரையிலான மனையில் 3500 சதுர அடிக்குள் கட்டும் வீடுகளுக்கு சுயசான்று அடிப்படையில் இணையத்திலேயே உடனடி அனுமதி என்று கொண்டுவந்தது. கோப்பு ஒருவர் மேசையில் காத்துக் கிடக்கும் நாட்கள் குறைந்தால் அதை நகர்த்தக் கேட்கப்படும் பணமும் குறையும். நோட்டு ஒழிப்பைவிட இந்த மாதிரிச் சின்ன மாற்றத்தில்தான் எனக்கு நம்பிக்கை அதிகம். தேர்தல் செலவு பற்றி மட்டும் இந்த மூன்றாவது வழியிலும் இன்னும் உருப்படியாக ஒன்றும் நடக்கவில்லை. பதவிக்கு வரவே கோடிகள் வேண்டும் என்றால், வந்தவர் அதை எங்கிருந்தாவது எடுக்கத்தான் பார்ப்பார்.

சரி, 500? 2000ஐ எடுத்ததை இதற்கு முன்மாதிரியாகச் சொல்ல முடியாது. 2023இல் எடுத்த 2000 நோட்டு மொத்தப் பணமதிப்பில் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு. 500 ரூபாயோ 2024 மார்ச் இறுதியில் 86.5 சதவீதம். 2016இல் செல்லாமல் போன அதே அளவு! பெயர் "மெதுவாகத் திரும்பப் பெறுதல்" என்றாலும் விளைவு முதல் வழியைப் போலத்தான் இருக்கும். ஏடிஎம்களில் 100, 200 ரூபாய் நோட்டு கிடைக்க வேண்டும் என்று ரிசர்வ் வங்கி 2025 ஏப்ரலில் வங்கிகளுக்கு உத்தரவிட்டது. 2026 மார்ச்சுக்குள் 90 சதவீத ஏடிஎம்களில் கிடைக்க வேண்டும் என்று அப்போது இலக்கு வைத்தது. அந்தச் சின்ன நோட்டுகள் காசிமேடு ஏலத்திலும் கொத்தவால்சாவடி கூலியிலும் தாராளமாகப் புழங்கி, 500இன் பங்கு பாதிக்கும் கீழே வரட்டும். அதற்குப் பிறகு அதன் அச்சடிப்பை நிறுத்துவதைப் பற்றிப் பேசலாம். அதுவரை 500 ரூபாயைத் தொடக்கூடாது.