டவுன்பைப்பா, இன்டர்கூலரா? டர்போ காரில் எதில் கை வைப்பது

என்னுடைய 1.6 லிட்டர் டர்போ பெட்ரோல் காரில் இரண்டையும் போட்டு ஓட்டிப் பார்த்துவிட்டேன். முதலில் போட்டது டவுன்பைப்: டர்போவிலிருந்து (புகையின் வேகத்தில் சுற்றி எஞ்சினுக்குள் காற்றை அழுத்தித் தள்ளும் பாகம்) புகை வெளியேறும் குழாய். எட்டு மாதத்தில் கழற்றிவிட்டேன். அடுத்தது பெரிய இன்டர்கூலர்: டர்போ அழுத்திய காற்றை எஞ்சினுக்குள் போகும் முன் ஆற வைக்கும் பாகம். இரண்டு வருடமாகிறது, இன்னும் வண்டியில்தான் இருக்கிறது. நான் எந்தப் பக்கம் என்பது இதிலேயே தெரிந்துவிடும்.

மற்ற மாற்றங்களைச் சுருக்கமாக முடித்துவிடுகிறேன். ஏர் ஃபில்டரை மாற்றினால் சத்தம் நன்றாக வரும், இழுவையில் பெரிய மாற்றம் தெரியாது. ஆக்சிலரேட்டரை விட்டதும் டர்போ அழுத்திய காற்றை வெளியே விடும் ப்ளோ-ஆஃப் வால்வு வேண்டவே வேண்டாம். உள்ளே வரும் காற்றை அளக்கும் மாஸ் ஏர்ஃப்ளோ சென்சார் உள்ள காரில், அளந்து கணக்கில் எடுத்த காற்று வெளியே போய்விடும். எஞ்சின் கம்ப்யூட்டரோ அந்தக் காற்றும் உள்ளே வந்ததாக நினைத்துப் பெட்ரோலை ஊற்றும். கியர் மாற்றும் ஒவ்வொரு முறையும் கலவை ரிச்சாகும், அதாவது பெட்ரோல் அதிகமாகும்.

இனி டவுன்பைப். டர்பைனைச் சுழற்றிவிட்டு வரும் புகை முதலில் இறங்கும் குழாய் அது. இன்றைய கார்களில் புகையின் நச்சைக் குறைக்கும் முதல் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டர் (சுருக்கமாக கேட்) பெரும்பாலும் அதற்குள்ளேயோ அதை ஒட்டியோதான் இருக்கும். ஏறக்குறைய 250 முதல் 300 டிகிரி வரை சூடேறினால்தான் கேட் வேலை செய்யத் தொடங்கும் என்பதால் அதை எஞ்சினுக்குப் பக்கத்திலேயே வைக்கிறார்கள். உள்ளே தேன்கூடு மாதிரி சதுர அங்குலத்துக்கு 400, 600 என்று நெருக்கமான கண்கள். ஹை-ஃப்ளோ டவுன்பைப்பில் அது 200 அளவுக்குக் குறையும். சிலவற்றில் கேட்டே இருக்காது. டர்பைனுக்குப் பின்னால் தடை குறைந்தால் அதன் இரு பக்க அழுத்த வித்தியாசம் கூடும், டர்போ சீக்கிரம் சுற்றத் தொடங்கும். பலன் உண்மையானது. எஞ்சின் கம்ப்யூட்டரின் சாஃப்ட்வேரை மாற்றி எழுதும் ரீமேப்பும் சேர்ந்தபோது 2,000 ஆர்பிஎம்மிலேயே வண்டி முதுகைப் பிடித்துத் தள்ளியது. வெறும் வேகத்தை மட்டும் பார்த்தால் இன்டர்கூலர் அதன் பக்கத்தில் நிற்க முடியாது.

ஆனால் ஐந்தாவது வாரம் செக் எஞ்சின் விளக்கு எரிந்தது. ஸ்கேனரில் பி0420 என்ற பிழைக் கோடு (code). கேட் போதிய அளவு வேலை செய்யவில்லை என்று பொருள். எந்த ஒப்பீடாக இருந்தாலும் என் கணக்கில் முடிவு இங்கேதான் இருக்கிறது. கேட்டுக்கு முன்னால் ஓர் ஆக்சிஜன் சென்சார், பின்னால் இன்னொன்று. கலவை ரிச், லீன் (பெட்ரோல் குறைவு) என்று மாறி மாறி வருவதால் முன் சென்சார் ஓயாமல் ஏறி இறங்கும். நல்ல கேட் ஆக்சிஜனைப் பிடித்து வைத்துத் தேவையானபோது விடும். அதனால் பின் சென்சார் ஏறக்குறைய ஒரே நிலையில் நிற்கும். கேட் சின்னதாகிவிட்டால் பின் சென்சாரும் முன்னதைப் போலவே ஆடும். எஞ்சின் கம்ப்யூட்டர் அதைப் பார்த்துத்தான் விளக்கைப் போடுகிறது. அந்த விளக்கு பொய் சொல்லவில்லை. என் வண்டி முன்பைவிட அதிகமான கார்பன் மோனாக்சைடையும் நைட்ரஜன் ஆக்சைடுகளையும் தெருவில் விட்டுக்கொண்டிருந்தது.

பொருத்திக் கொடுத்தவர் இரண்டு வழி சொன்னார். பின் சென்சாரை ஒரு ஸ்பேசர் வைத்துப் புகையிலிருந்து சற்றுத் தள்ளிவிடலாம். அல்லது சாஃப்ட்வேரில் அந்தப் பிழைக் கோடையே அணைத்துவிடலாம். நான் இரண்டையும் ஒப்புக்கொள்ளவில்லை. இரண்டுமே வண்டியின் மாசுச் சோதனை செய்பவரை ஏமாற்றும் வேலை. பிழைக் கோடை அழித்துவிட்டுச் சோதனைக்குப் போவதும் நடக்காது. அழித்தவுடன் கேட் மானிட்டர் உட்பட ரெடினஸ் மானிட்டர்கள் (மாசுப் பாகங்களை வண்டி தானே சோதித்து முடித்ததா என்று காட்டுபவை) 'முடியவில்லை' என்ற நிலைக்குத் திரும்பிவிடும். குளிர்ந்த எஞ்சினில் தொடங்கி, சீரான வேகத்தில் ஓட்டி, பல பயணங்களுக்குப் பிறகுதான் அவை முடியும். ஓபிடி சாக்கெட்டில் (எஞ்சின் கம்ப்யூட்டரைப் படிக்கும் இணைப்பு) கருவியைச் செருகிப் பார்க்கும் இடங்களில் நேற்று பிழைக் கோடை அழித்தது உடனே தெரிந்துவிடும்.

மிச்சம் இருந்தது ஒரே வழி: சோதனைக்கு முன் பழைய டவுன்பைப்பை மாட்டி, முடிந்ததும் மறுபடி புதியதை மாட்டுவது. ஒருமுறை கழற்றினேன், போதும் என்றாகிவிட்டது. டர்போ வாயில் உள்ள ஸ்டட்கள் (நட்டு மாட்டும் திருகுத் தண்டுகள்) சூட்டில் வெந்து இறுகிப்போயிருந்தன. ஒன்று உடைந்து உள்ளேயே நின்றுவிட்டது. புது கேஸ்கெட், புது நட்டுகள், ஒரு முழு நாள். தவிர, சோதனை நாளில் மட்டும் சரியாக இருக்கும் வண்டி மற்ற நாட்களில் சட்டப்படி ஓடுவதாகவும் சொல்ல முடியாது.

சட்டம் நாட்டுக்கு நாடு மாறும், ஆனால் எல்லாச் சட்டங்களும் கேட்டில் வந்து ஒன்றுசேர்கின்றன. அமெரிக்காவில் மாசுக் கட்டுப்பாட்டுப் பாகத்தைக் கழற்றுவதைத் தூய காற்றுச் சட்டம் தடை செய்கிறது. கலிஃபோர்னியாவில் மாசைப் பாதிக்கக்கூடிய மாற்றுப் பாகத்துக்கு அந்த மாநிலக் காற்று வாரியத்தின் ஈஓ எண் (அங்கீகார ஆணை எண்) வேண்டும். 2021 ஜூலையிலிருந்து எஞ்சின் சாஃப்ட்வேர் மாற்றப்பட்டிருக்கிறதா என்றும் பார்க்கிறார்கள். பிரிட்டனில் கம்பெனி போட்ட கேட் இல்லாவிட்டாலே எம்ஓடி என்ற வருடாந்திர வாகனச் சோதனையில் தோல்வி. இந்தியாவில் மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு, பதிவுச் சான்றிதழில் உள்ள விவரங்கள் தயாரிப்பாளர் கொடுத்ததிலிருந்து வேறுபடும்படி வண்டியை மாற்றத் தடை விதிக்கிறது. உச்ச நீதிமன்றமும் 2019இல் அதை உறுதிப்படுத்தியது.

ரீமேப் செய்தால் யாருக்கும் தெரியாது என்று சொல்பவர்களுக்கு அந்தக் கலிஃபோர்னியா விதியே பதில். அதனால்தான் டவுன்பைப்போடு ரீமேப்பையும் எடுத்துவிட்டு, கம்பெனி மேப்பிலேயே இன்டர்கூலரைப் போட்டேன்.

டர்போ காற்றை அழுத்தும்போது அது சூடாகிறது. அறை வெப்பநிலையை ஒட்டி 3 டிகிரி குறைந்தால் காற்றின் அடர்த்தி ஏறக்குறைய ஒரு சதவீதம் கூடும். அதைவிட முக்கியம், உள்ளே போகும் காற்று சூடானால் நாக்கிங் (கலவை தானாகவே வெடிப்பது) வராமலிருக்க எஞ்சின் கம்ப்யூட்டர் இக்னிஷன் டைமிங்கை, அதாவது தீப்பொறி விழும் நேரத்தை, பின்னுக்கு இழுக்கிறது; இழுவை குறைகிறது. பழைய இன்டர்கூலரில் ஆக்சிலரேட்டரைத் தொடர்ந்து மூன்று முறை அழுத்தி மிதித்தால், மூன்றாவது முறை என் காரில் காற்று வெளி வெப்பத்தைவிட 35 டிகிரி அதிகமாக இருந்தது. புதியதில் 12, 13. முதல் மிதியில் எந்த வித்தியாசமும் இல்லை. ஏற்றத்திலும் வெயிலிலும், பத்தாவது மிதியும் முதல் மிதியைப் போலவே இருக்கிறது. எனக்கு வேண்டியது இதுதான்.

குறைகளும் உண்டு. குழாயிலும் கோரிலும் (இன்டர்கூலரின் உள் பகுதி) நிரப்ப வேண்டிய காற்று அதிகம், அதனால் பூஸ்ட் (டர்போ தரும் காற்றழுத்தம்) ஏற ஒரு நொடிப்பொழுது கூடுதலாகிறது. மிகத் தடித்த கோர் வாங்கினால் அதன் பின்னால் உள்ள ஏசி கண்டென்சருக்கும் ரேடியேட்டருக்கும் காற்று குறையும். பார்-அண்ட்-பிளேட் என்ற கோர் வகை கனமானது. மெதுவாகச் சூடேறும், சூடேறிவிட்டால் மெதுவாகத்தான் ஆறும். காகித வேலையும் முழுவதுமாகத் தப்பாது: ஜெர்மனியில் பெரிய இன்டர்கூலருக்கும் அங்கீகாரச் சான்று கேட்பார்கள். அந்தச் சான்றோடு வருவதையே வாங்குங்கள். காப்பீட்டு நிறுவனத்துக்கு எழுத்தில் தெரிவித்துவிடுங்கள், நான் தெரிவித்துவிட்டேன்.

நான் சொல்வதெல்லாம் முன்பக்கம் காற்றில் ஆறும் இன்டர்கூலர் உள்ள பெட்ரோல் காரை வைத்து. இன்டேக் மேனிஃபோல்டுக்குள்ளேயே தண்ணீரில் ஆறும் வகை உங்கள் காரில் இருந்தால் இந்த மாற்றம் இவ்வளவு எளிதல்ல. டீசல் எஞ்சினில் நான் கை வைத்ததில்லை. பந்தயத் தடத்துக்கு மட்டும், லாரியில் ஏற்றிக் கொண்டுபோகும் கார் என்றால் டவுன்பைப்பை மறுக்க மாட்டேன். உங்கள் எஞ்சினுக்கென்றே அங்கீகாரம் பெற்ற ஹை-ஃப்ளோ கேட் கிடைத்தாலும் யோசிக்கலாம். என் எஞ்சினுக்குக் கிடைக்கவில்லை.

பராமரிப்பு என்று பார்த்தால், எஞ்சின் ஆயில் மாற்றும்போதெல்லாம் குழாய்க் கிளாம்ப்களைத் தொட்டுப் பார்க்கிறேன். ஒருமுறை ஒன்று தளர்ந்து பூஸ்ட் கசிந்தது, இறுக்கியதும் சரியாகிவிட்டது. பழைய இன்டர்கூலரை அதன் போல்ட்களோடு பெட்டியில் வைத்திருக்கிறேன். விற்கும்போது பம்பரைக் கழற்றி ஒரு மத்தியானத்தில் பழையபடி மாட்டிவிடலாம். கடைசிச் சோதனையில் கம்பெனி கேட்டோடு, மானிட்டர்கள் எல்லாம் முடிந்த நிலையில், ஒரு பிழைக் கோடும் இல்லாமல் வண்டி தேறியது.