ஹனோயிலிருந்து ஹூவேக்கு: இரவு ரயிலா, படுக்கைப் பேருந்தா, விமானமா?

வியட்நாமின் வடக்கே ஹனோயில் இறங்கி, நாட்டின் நடுப்பகுதியில் இருக்கும் ஹூவே, டா நாங், ஹொய் ஆன் ஆகிய ஊர்களுக்குப் போக நினைப்பவர்கள் எல்லோரும் முதலில் தீர்மானிக்க வேண்டியது, அந்த நீண்ட தூரத்தை எப்படிக் கடப்பது என்பதைத்தான். ரயில் பாதையில் ஹனோயிலிருந்து ஹூவே 688 கிலோமீட்டர். ஆறு ஆண்டுகளுக்கு முன் தனியாகச் சென்றபோது இந்தத் தூரத்தைப் படுக்கைப் பேருந்தில் கடந்தேன். சென்ற மார்ச் மாதம் அம்மாவை அழைத்துச் சென்றபோது, மூன்று வழிகளையும் பல நாள் யோசித்துப் பார்த்து, இரவு ரயிலைத் தேர்ந்தெடுத்தேன். வயதானவர்களுடன் செல்பவர்களுக்கு ரயிலைத்தான் பரிந்துரைப்பேன் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

அம்மாவுக்கு வயது 71. இருபது ஆண்டுகளாகச் சர்க்கரை நோய் இருக்கிறது. மூட்டு வலியும் சேர்ந்துகொண்டிருக்கிறது. டா நாங்கிலிருந்து போய்வரக்கூடிய மீ சன் சிவன் கோயில்களைப் பார்க்க வேண்டும் என்பது அவருடைய ஆசை. 2020-இல் அங்கே சீரமைப்புப் பணியில் இருந்த இந்தியத் தொல்லியல் துறையினர் ஒற்றைக் கல்லில் செதுக்கிய சிவலிங்கம் ஒன்றைக் கண்டெடுத்த செய்தியை நாளிதழில் படித்த நாளிலிருந்து, அந்த ஊரின் பெயர் அவர் வாயில் அடிக்கடி வரும்.

விமானத்தைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. பறக்கும் நேரம் ஒன்றேகால் மணிதான். ஆனால் நொய் பாய் விமான நிலையம் ஹனோய் நகரத்திலிருந்து ஏறத்தாழ 30 கிலோமீட்டர். ஹூவேயின் ஃபூ பாய் நிலையம் ஊருக்குத் தெற்கே 15 கிலோமீட்டர். விடுதியிலிருந்து விடுதிக்கு என்று கணக்கிட்டால் ஐந்து மணி நேரம் ஆகிவிடும், அதுவும் பகல் நேரத்தில். மொத்தப் பயணமே ஐந்தாறு நாள்தான் என்றால் வேறு யோசனையே வேண்டாம், விமானத்தில் போய்விடுங்கள். எங்களுக்குப் பன்னிரண்டு நாள் இருந்ததால் அந்த அவசரம் இல்லை.

கட்டணத்தில் பேருந்தை எதுவும் மிஞ்ச முடியாது. ரயிலில் நான்கு படுக்கை அறையில் கீழ்ப் படுக்கைக்கு நாங்கள் கொடுத்தது ஏறத்தாழ பத்து லட்சம் டாங், அதாவது நம் பணத்தில் மூவாயிரத்து முந்நூறு ரூபாய் அளவில். பேருந்துக்கு அதில் பாதிகூட ஆகாது. அன்று காலையில் கேட்டால்கூட அன்றிரவுக்கு இடம் கிடைக்கும், பல நிறுவனங்கள் விடுதி வாசலிலேயே வந்து ஏற்றிக்கொள்ளும். நேரத்திலும் பெரிய வேறுபாடு இல்லை. இரண்டுமே பன்னிரண்டு முதல் பதினான்கு மணி நேரம் எடுத்துக்கொள்ளும், இரண்டிலுமே ஓர் இரவின் விடுதி வாடகை மிச்சமாகும். தனியாகச் செல்லும் இளைஞர் ஒருவர் பணத்தை மிச்சப்படுத்தப் பேருந்தில் போகிறேன் என்றால் நான் தடுக்க மாட்டேன்.

இந்தக் கணக்குகளையெல்லாம் அம்மாவிடம் விளக்கிச் சொன்னபோது, அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டார். "ராத்திரி ரெண்டு தடவையாவது நான் எழுந்திருக்கணுமேப்பா, அந்த வண்டியில பாத்ரூம் இருக்குமா?" அதுவரை நான் போட்டுவைத்திருந்த நேரக் கணக்கும் செலவுக் கணக்கும் அந்தக் கேள்விக்கு முன்னால் நிற்கவில்லை.

வியட்நாமில் பரவலாக ஓடும் படுக்கைப் பேருந்தின் அமைப்பைத் தெரிந்துகொண்டால்தான் இந்தக் கேள்வியின் கனம் புரியும். நீளவாக்கில் மூன்று வரிசைகள், ஒவ்வொன்றிலும் கீழும் மேலுமாக இரண்டு அடுக்குகள். வரிசைகளுக்கு நடுவே உள்ள வழி, ஆள் பக்கவாட்டில் திரும்பி நகர வேண்டிய அளவுக்குக் குறுகலானது. முதுகுப் பகுதி பாதி சாய்ந்திருக்க, கால்களை முன்னால் படுத்திருப்பவரின் முதுகுக்குக் கீழே உள்ள பெட்டி போன்ற இடத்துக்குள் நுழைத்துக்கொள்ள வேண்டும். ஏறும்போதே செருப்பைக் கழற்றச் சொல்லி, அதைப் போட்டுக்கொள்ள ஒரு நெகிழிப் பையைக் கையில் கொடுப்பார்கள். பெரும்பாலான வண்டிகளில் கழிவறை கிடையாது. வழியில் இரண்டு மூன்று இடங்களில் நிறுத்துவார்கள். அப்போது விளக்கைப் போட்டு, எல்லோருக்கும் பொதுவான பிளாஸ்டிக் செருப்புகளைப் படிக்கட்டின் அருகே கொட்டுவார்கள். கிடைத்த செருப்பில் காலை நுழைத்துக்கொண்டு, தூக்கக் கலக்கத்தோடு ஈரத் தரையில் நடந்து போய்விட்டு, வண்டி கிளம்புவதற்குள் திரும்ப வேண்டும்.

முப்பத்தைந்து வயதில் தனியாகப் போனபோது இதெல்லாம் எனக்கு ஒரு பொருட்டாகத் தெரியவில்லை. ஆனால் அந்தப் பயணத்தில் நள்ளிரவுக்குப் பிறகு, என் பக்கத்து வரிசையில் படுத்திருந்த முதியவர் ஒருவர் மெல்ல எழுந்து, கம்பிகளைப் பிடித்துப் பிடித்து முன்னால் போய் ஓட்டுநரிடம் ஏதோ சொன்னார். அடுத்த நிறுத்தம் வரட்டும் என்பதுபோல் ஓட்டுநர் கையசைத்துவிட்டார். அந்த நிறுத்தம் வருவதற்கு முக்கால் மணி நேரம் ஆயிற்று. அதுவரை அவர் திரும்பிப் போய்ப் படுக்கவில்லை. படிக்கட்டின் மேல் விளிம்பில், மடியில் கைகளைக் கோத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அம்மாவின் கேள்வியைக் கேட்டதும் எனக்கு அந்த மனிதரின் முதுகுதான் நினைவுக்கு வந்தது.

இதில் இன்னொன்றும் இருக்கிறது. வெளியூர்ப் பயணம் என்றாலே முதல் நாள் மாலையிலிருந்து தண்ணீர் குடிப்பதைக் குறைத்துக்கொள்வது நம் வீட்டுப் பெண்கள் பலருக்கும் பழகிப்போன வழக்கம். என் அம்மாவும் அப்படித்தான். வழியில் கழிவறை இருக்குமோ இருக்காதோ என்ற அச்சமே அதற்குக் காரணம். சர்க்கரை நோய் உள்ளவர், அதுவும் வெயில் நாட்டில் நாளெல்லாம் நடந்துவிட்டு வருபவர், பன்னிரண்டு மணி நேரம் நாக்கு வறளக் கிடப்பது உடம்புக்குக் கெடுதல். கால் மரத்துப்போகும் தொல்லையும் இருப்பதால், யார் யாரோ போட்ட செருப்பில், இருட்டில், ஈரத் தரையில் நடப்பதை நான் சின்ன விஷயமாக நினைக்கவில்லை. அந்தக் காலில் படும் ஒரு கீறல் ஆறுவதற்கு மாதக்கணக்கில் ஆகும் என்பதைச் சர்க்கரை நோயாளிகள் உள்ள வீட்டில் இருப்பவர்கள் அறிவார்கள்.

ரயிலில் இந்த அச்சம் முழுவதுமாக நீங்கியது. குளிரூட்டப்பட்ட பெட்டியில் அறைக்கு நான்கு படுக்கை வீதம் ஏழு அறைகள். கீழ்ப் படுக்கைகள் இரண்டையும் நாங்கள் எடுத்துக்கொண்டோம். மேலே ஓர் இளம் வியட்நாமியத் தம்பதி இருந்தனர். அம்மா இரவு பதினொரு மணிக்கு ஒருமுறையும் மூன்று மணி வாக்கில் ஒருமுறையும் எழுந்தார். முதல்முறை நான் கூடப் போனேன். இரண்டாம் முறை அவர் கதவை நகர்த்தும் ஓசையில்தான் விழித்தேன். நான் எழுவதற்குள், தன்னுடைய செருப்பையே மாட்டிக்கொண்டு, நடைவழியின் சன்னல் ஓரக் கம்பியை ஒரு கையால் பிடித்தபடி, பாதி தூரம் போயிருந்தார். மீட்டர் பாதை என்பதால் வண்டி ஆடத்தான் செய்கிறது. "எழும்பூர்ல ஏறி ஊருக்குப் போன காலத்து ஆட்டம் மாதிரியே இருக்கு" என்று திரும்பி வந்து சொல்லிவிட்டு, அரை பாட்டில் தண்ணீர் குடித்துவிட்டுப் படுத்தார். அவர் தயங்காமல் தண்ணீர் குடித்ததைப் பார்த்தபோதுதான், சரியான வழியைத் தேர்ந்தெடுத்திருக்கிறோம் என்று எனக்கு உறுதியாயிற்று.

ரயிலில் குறைகள் இல்லாமல் இல்லை. ஹனோய் நிலையத்தில் நடைமேடை தாழ்வானது. தண்டவாளங்களை நடந்தே கடந்து, செங்குத்தான படிகளில் ஏறித்தான் பெட்டிக்குள் போக முடியும். பெட்டிப் பணியாளர் ஒரு சிறு முக்காலியை வைத்துக் கைகொடுத்து ஏற்றிவிட்டார் என்றாலும், முழங்கால் மடக்கவே முடியாதவர்களுக்கு அந்த ஓரிரு நிமிடங்கள் கடினமானவை. கழிவறை இரவில் துப்புரவாக இருந்தது, விடியும்போது அப்படியில்லை. குழாயில் தண்ணீர் வந்தது, குவளைதான் இல்லை. ஒரு லிட்டர் காலிப் பாட்டில் ஒன்றைக் கையோடு எடுத்துச் செல்வது நல்லது. குளிரூட்டியைக் குறைக்கும் வசதி எங்கள் அறையில் இல்லாததால் கம்பளியோடு சால்வையும் தேவைப்பட்டது.

சைவ உணவைப் பொறுத்தவரை, வண்டியில் தள்ளிக்கொண்டு வரும் கஞ்சியில் இறைச்சி இருக்கும், மற்றவற்றில் மீன் சாறு கலந்திருக்கக்கூடும் என்பதால் நாங்கள் எதையும் வாங்கவில்லை. பெட்டியின் கோடியில் வெந்நீர் கிடைக்கிறது. ஊரிலிருந்து கொண்டுபோன அவலை அதில் ஊறவைத்துப் பருப்புப் பொடி தூவிச் சாப்பிட்டோம். ஹூவே போய்ச் சேர்ந்த பிறகு இந்தக் கவலை வேண்டாம். பௌத்த மரபு ஆழமாக வேரூன்றிய ஊர் அது. 'சாய்' என்று எழுதியிருக்கும் சைவ உணவகங்கள் அங்கே நிறைய உண்டு.

பயணச்சீட்டு விஷயத்தில் ஓர் எச்சரிக்கை. கீழ்ப் படுக்கைகள்தான் முதலில் விற்றுத் தீரும், விலையும் அவற்றுக்குத்தான் கூடுதல். வியட்நாமியப் புத்தாண்டான டெட் திருநாளை ஒட்டிய வாரங்களில் நாடே ஊருக்குக் கிளம்பும் என்பதால், அப்போது கீழ்ப் படுக்கை கிடைக்கும் என்று நம்பிப் போக வேண்டாம். மேல் படுக்கைதான் கிடைக்கும் என்றால், வயதானவரை ரயிலில் அழைத்துச் செல்வதில் பொருளில்லை, விமானமே மேல். பெட்டியின் இரு கோடிகளிலும் உள்ள முதல் அறையைத் தவிர்த்து, அதற்கு அடுத்த அறையை எடுத்தால் கழிவறையும் அருகில் இருக்கும், கதவு அடிக்கும் ஓசையும் நாற்றமும் எட்டாது. ரயிலின் எண்ணையும் கவனியுங்கள்: எஸ்இ1, எஸ்இ3 என ஒற்றைப்படை எண் கொண்டவை தெற்கே போகும், இரட்டைப்படை எண் கொண்டவை வடக்கே வரும்.

அண்மைக் காலத்தில் அறை போன்ற தடுப்புகள் கொண்ட புதுவகைப் பேருந்துகள் வந்திருக்கின்றன. ஒவ்வொருவருக்கும் திரையிட்ட தனி இடமும், காலை நீட்டிப் படுக்கும் படுக்கையும் உண்டு. சிலவற்றில் கழிவறையும் இருக்கிறது. ஹனோயில் ஒரு வண்டியில் ஏறி எட்டிப் பார்த்ததைத் தவிர நான் அதில் பயணித்ததில்லை; ஆகவே பழைய பேருந்தைப் பற்றி நான் சொன்னதை இவற்றின் மேல் சுமத்த விரும்பவில்லை. கழிவறை இருப்பதையும் கீழ் அடுக்கில் இடம் இருப்பதையும் பணம் கட்டுவதற்கு முன்பே கேட்டு உறுதி செய்துகொள்ள முடியுமானால், நடுவயதினர் தாராளமாக முயன்று பார்க்கலாம். ஓடும் பேருந்தில் எழுந்து நடப்பது ரயிலில் நடப்பதைப் போல இருக்காது என்பதால், அம்மாவை இப்போதும் அதில் ஏற்றத் துணிய மாட்டேன்.

ஹூவேயிலிருந்து டா நாங்குக்கு உள்ள 103 கிலோமீட்டரையும் ரயிலிலேயே போனோம். இரண்டரை முதல் மூன்று மணி நேரம் ஆகும். பேருந்துகள் 2005-இல் திறந்த ஆறு கிலோமீட்டருக்கும் கூடுதலான ஹாய் வான் சுரங்கத்துக்குள் புகுந்து விரைவாகப் போய்விடும். ரயிலோ மலையின் விளிம்பில், கடலுக்கு நேர் மேலே, நிதானமாகச் சுற்றி வரும். தெற்கு நோக்கிப் போகும்போது கடல் இடப்பக்கம் இருக்கும், அந்தப் பக்கச் சன்னலைக் கேட்டு வாங்குங்கள். இந்தத் துண்டுக்கு மட்டும் யார் கேட்டாலும் ரயில் என்றுதான் சொல்வேன்.

திரும்பும்போது நாங்கள் ரயிலில் வரவில்லை. ஹனோயிலிருந்து ஊருக்கு மறுநாள் விமானம் இருந்தது. அந்தப் பாதையோ ஒற்றைத் தண்டவாளம், எதிர் வண்டிக்காக நின்று நின்று தாமதமாவது அங்கே இயல்பு. போகும்போதே எங்கள் வண்டி நாற்பது நிமிடம் பிந்திப் போய்ச் சேர்ந்தது. அதனால் டா நாங்கிலிருந்து ஹனோய்க்கு விமானத்தில் வந்துவிட்டோம். டா நாங் விமான நிலையம் ஊருக்கு நடுவிலேயே, எங்கள் விடுதியிலிருந்து பத்து நிமிடத் தொலைவில் இருந்தது அம்மாவுக்கு வசதியாகப் போயிற்று.