எம்டன் வந்து இறங்கினால் ஊர் என்ன செய்யும்? டன்ஜன் மாஸ்டர்ஸ் கைடு, ஊர் ஜனங்கள் பக்கமிருந்து

டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் என்பது, மேசையைச் சுற்றி உட்கார்ந்து ஆளுக்கொரு நாயகராகப் பேசியும் பகடை உருட்டியும் ஆடும் கதை விளையாட்டு. கதையையும் ஊர்க்காரர்களையும் நடத்துபவருக்கான புத்தகம் டன்ஜன் மாஸ்டர்ஸ் கைடு; அதன் ஐந்தாம் பதிப்பு 2014 டிசம்பரில் வந்தது. 320 பக்கம், அமெரிக்க அட்டை விலை அப்போது 49.95 டாலர். மாயப் பொருள்கள், புதையல் அட்டவணைகள் பற்றியெல்லாம் நிறையப் பேர் எழுதிவிட்டார்கள். இந்த மதிப்புரை ஒரே ஒரு விஷயத்தைப் பற்றியது: தீப்பந்து வீசும் மந்திரவாதியும் பூதத்தை வெட்டிய வீரனும் ஊருக்குள் நடந்து வந்தால், மீன் விற்பவர், டீக்கடைக்காரர், காவலாளி எல்லோரும் அவர்களிடம் எப்படி நடந்துகொள்வார்கள்? அதை மேசையில் நடத்திக்காட்ட இந்தப் புத்தகம் எவ்வளவு உதவுகிறது? தண்டையார்பேட்டையிலோ பெரம்பூரிலோ மொட்டை மாடியில் உட்கார்ந்து தமிழில் ஆடும் குழுக்களை மனத்தில் வைத்து எழுதுகிறேன்.

பாதி உதவுகிறது. அந்தப் பாதி நன்றாகவே இருக்கிறது.

எட்டாம் அத்தியாயத்தில் உரையாடலுக்கு ஒரு முறை வைத்திருக்கிறார்கள். ஊர்க்காரருக்கு மூன்று மனநிலை: நட்பு, பொருட்படுத்தாமை, பகை. பேச்சு நடக்கும்போது அவருடைய கொள்கையையோ பாசத்தையோ பலவீனத்தையோ சரியாகத் தொட்டால் மனநிலை ஒரு படி ஏறும், தப்பாகத் தொட்டால் ஒரு படி இறங்கும். அதன் பிறகுதான் இருபதுமுகப் பகடை; விழுந்த எண்ணோடு நாயகரின் திறமைக்கான எண்ணையும் கூட்டுவார்கள். எட்ட வேண்டிய எண்கள் 0, 10, 20. பொருட்படுத்தாதவரிடம் 10 எடுத்தால், தனக்கு ஆபத்து இல்லாதவரை கேட்டதைச் செய்வார். 20 எடுத்தால் சின்ன ஆபத்தையும் ஏற்பார். நட்பாக இருப்பவர் 20-க்குப் பெரிய ஆபத்தையே ஏற்பார். பகைவர் 20-க்கும் ஆபத்தில்லாததை மட்டுமே செய்வார். பேச்சு முதலில், பகடை பிறகு என்ற இந்த வரிசை அருமையானது. மாற்றிச் செய்தால் என்ன ஆகும் என்று தெரிந்ததுதான்: ஆடுபவர் வாயைத் திறக்காமல் பகடையை உருட்டிவிட்டு "22, சொல்றானா இல்லையா?" என்பார்.

குறை என்னவென்றால், இந்த அட்டவணை பிரியத்தை மட்டும் அளக்கிறது. பயத்துக்கு அதில் இடமே இல்லை.

கணக்குப் போட்டுப் பாருங்கள். விதியில் சாதாரண ஊர்க்காரருக்கு 4 ஹிட் பாயின்ட், அதாவது அவ்வளவு சேதம் பட்டால் விழுந்துவிடுவார். ஐந்தாம் லெவல் மந்திரவாதியின் தீப்பந்து எட்டு ஆறுமுகப் பகடை சேதம், மையத்திலிருந்து எல்லாப் பக்கமும் 20 அடிக்குப் பாயும். எட்டிலும் 1 விழுந்து, ஊர்க்காரர் தப்பிக்கும் பகடையிலும் ஜெயித்து, சேதம் பாதியானாலும் 4. அதாவது அந்த வட்டத்துக்குள் நிற்கும் சராசரி மனிதர் ஒருவர்கூட நின்றபடி இருக்க வாய்ப்பே கிடையாது. யாரும் கையில் வைத்திராத எரியக்கூடிய பொருளெல்லாம் பற்றிக்கொள்ளும், குடிசையின் கீற்று உட்பட. அப்படிப்பட்ட ஆள் கடை வாசலில் நின்று வழி கேட்கும்போது "பொருட்படுத்தாமை" என்ற மனநிலையை எந்த ஊரில் பார்க்க முடியும்?

வட சென்னைக்கு இதை யாரும் சொல்லித்தர வேண்டாம். 1914 செப்டம்பர் 22 இரவு எம்டன் என்ற ஜெர்மன் போர்க்கப்பல் மதராஸ் துறைமுகத்துக்கு எதிரே வந்து எண்ணெய்த் தொட்டிகளைச் சுட்டு எரித்துவிட்டுப் போனது. நின்றது கொஞ்ச நேரம்தான். ஆனால் ஜனங்கள் மூட்டை கட்டிக்கொண்டு ஊரைவிட்டுக் கிளம்பினார்கள், பேச்சில் ஒரு சொல் நிலைத்தது. "அவன் பெரிய எம்டன்" என்றால் அதில் பயமும் இருக்கிறது, வியப்பும் இருக்கிறது. நாயகர்களை ஊர் பார்க்கும் பார்வை அந்தச் சொல்லுக்குள் முழுசாக அடங்கியிருக்கிறது. புத்தகத்தின் அட்டவணையில் அது இல்லை.

சரிசெய்வது சுலபம். ஒவ்வொரு ஊர்க்காரருக்கும் புத்தகம் சொல்லும் மனநிலையோடு, பயம் என்று 0 முதல் 3 வரை ஓர் எண்ணும் எழுதிக்கொள்ளுங்கள். ஏதாவது செய்யச் சொல்லிக் கேட்டால், எட்ட வேண்டிய எண்ணிலிருந்து பயத்தின் மும்மடங்கைக் கழியுங்கள். உண்மையைச் சொல்லக் கேட்டால் அதே மும்மடங்கைக் கூட்டுங்கள். பொருட்படுத்தாத கடைக்காரர், பயம் 2 என்று வைப்போம். பின்கட்டைத் திறந்துவிடச் சொன்னால் 10 என்பது 4 ஆகிவிடும், உடனே திறப்பார். ராத்திரி யார் வந்து ஒளிந்தார் என்று கேட்டால் 16. கதவைத் திறப்பார், ஆனால் வாயைத் திறக்க மாட்டார். மிரட்டலால் காரியம் நடக்கும், தகவல் கிடைக்காது என்பது இரண்டு ஆட்டத்திலேயே குழுவுக்குப் புரிந்துவிடும்.

பயம் ஏற: ஊருக்குள் பெரிய மந்திரம் போட்டால் 1, காவலாளியைக் கொன்றால் 1, மனத்தை மயக்கும் மந்திரம் அம்பலமானால் 1. மயக்கும் மந்திரத்தைத் தனியாகச் சொல்லக் காரணம் உண்டு. விதிப்படி ஒரு மணி நேரத்தில் அது விலகும், விலகியதும் தான் மயக்கப்பட்டது அந்த ஆளுக்குத் தெரியும். ஆடுபவர்கள் இதை எப்போதும் மறக்கிறார்கள், நடத்துபவரும் மறந்துவிடுகிறார். மறக்கக் கூடாது. மறுநாள் அந்தத் தெருவில் ஒரு கடையும் திறந்திருக்காது. பயம் இறங்க நாளாகும்: ஆயுதத்தை வைத்துவிட்டு முழுசாகப் பத்து நாள் அந்தத் தெருவில் புழங்கினால் 1, ஒரு சாவு வீட்டில் பாடை தூக்கினால் 1. பயம் 3 ஆனால் ஊர் எல்லாவற்றுக்கும் தலையாட்டும், இரவோடு இரவாகக் காலி செய்யும்.

தமிழில் ஆடுபவர்களுக்கு ஆங்கிலப் புத்தகம் தர முடியாத ஒரு கருவி கையிலேயே இருக்கிறது: விளிச்சொல். நாயகர்களின் வளர்ச்சியைப் புத்தகம் நான்கு கட்டமாகப் பிரிக்கிறது. லெவல் 1 முதல் 4, 5 முதல் 10, 11 முதல் 16, 17 முதல் 20. கட்டம் மாறும்போது ஊர் அழைக்கும் முறையை மாற்றுங்கள், வேறு எதையும் விளக்க வேண்டாம். முதல் கட்டத்தில் மீன்கூடையோடு வரும் அக்கா, "இன்னா தம்பி, வாளு புச்சா? ஓரமா நில்லு, கூட இடிக்கப் போவுது" என்பார். இரண்டாவதில் அதே அக்கா, "வாண்ணே, குந்துண்ணே, துட்டு அப்பால குடு." மூன்றாவதில் அவர் பேசமாட்டார், மகனை அதட்டுவார்: "ஐயா வராரு, எய்ந்து நில்றா." நான்காவதில் "சாமி" என்று கையெடுத்துக் கும்பிட்டுவிட்டுக் கூடையை எடுத்துக்கொண்டு வேறு சந்தில் போய்விடுவார். பெண் நாயகருக்கு பாப்பா, அக்கா, அம்மா, தாயே.

மரியாதை ஏறுகிற அளவுக்கு நெருக்கம் விலகுகிறது. அதை ஒருமையும் பன்மையுமே சொல்லிவிடும். எல்லோரும் "ஐயா" போடும் ஊரில் ஒரே ஓர் ஆயா மட்டும் கடைசிவரை "டேய், சாப்ட்டியா?" என்று கேட்கட்டும். பதினெட்டாம் லெவல் வீரனுக்கு அந்த ஆயாவைப் போல இன்னொரு ஆள் உலகத்தில் கிடைக்கமாட்டார். நடத்துபவர்கள் ஆயாவைக் கொன்று பரிதாபம் தேடுவதைத் தயவுசெய்து விடுங்கள். அவர் உயிரோடு இருந்து திட்டினால்தான் பலன்.

ஊர் எல்லையில் நிற்கும் காவல் தெய்வத்தையும் மாதிரியாகக் கொள்ளலாம். படையல் உண்டு, கிடா வெட்டு உண்டு, ஆனால் உக்கிரமான தெய்வத்தை நடுவீட்டில் வைப்பதில்லை. உயர்ந்த லெவல் நாயகர்களுக்கு ஊர் கொடுக்கும் வீடு எல்லையில் இருக்கட்டும். விருந்து தடபுடலாக நடக்கட்டும். குழந்தைகளை மட்டும் உள்ளே அழைத்துப் போயிருப்பார்கள்.

காசு விஷயத்தில் விதிகள் எண்களைக் கொடுக்கின்றன, அவற்றைச் சேர்த்துப் பார்க்கச் சொல்லவில்லை. தொழில் தெரியாத கூலியாளுக்கு நாளொன்றுக்கு 2 வெள்ளிக் காசு. வருஷம் முழுக்க ஒரு நாள் விடாமல் உழைத்தாலும் 73 தங்கக் காசு. இரண்டாம் கட்டத்துப் புதையல் ஒன்றில் காசு மட்டும் சராசரியாக 3,857 தங்கம் தேறும். ஒரே ஒரு குகையில் ஐம்பத்திரண்டு வருஷக் கூலிக்கு மேல். காயம் ஆற்றும் மருந்துப் புட்டி ஒன்று 50 தங்கம், அதாவது 250 நாள் கூலி. ஆடுபவர்கள் அதைப் பரிசாக நீட்டினால், வாங்கிய தாய் அதைக் குடிக்க மாட்டார், விற்கத்தான் பார்ப்பார்.

இந்த வித்தியாசத்தை ஊர் பார்த்துக்கொண்டே இருக்கிறது. அதனால் வாசலில் முதலில் வந்து நிற்பது அரசன் அனுப்பிய தூதர் அல்ல. கோயில் கூழ் ஊற்றுவதற்கு நன்கொடை நோட்டு வரும். தண்டல் கட்ட முடியாதவர் வருவார். அவருக்குப் பின்னால், நாயகர் பணம் கொடுத்தால் தன் தொழில் படுத்துவிடும் என்று தண்டல்காரரும் வருவார். ஒன்பதாம் லெவல் அர்ச்சகர் இறந்தவரை எழுப்புவார், செத்துப் பத்து நாளுக்குள் இருக்க வேண்டும், 500 தங்கம் மதிப்புள்ள வைரம் வேண்டும். இது ஒருமுறை ஊருக்குத் தெரிந்துவிட்டால், எந்த வீட்டில் சாவு விழுந்தாலும் பாடை நேராக விடுதி வாசலுக்கு வரும். வைரம் இருப்பதோ ஒன்று. யாருக்கு என்று முடிவுசெய்யும் அந்த ஒரு காட்சிக்காகவே பழைய மூன்று சண்டைகளை வெட்டலாம். எழுப்பப்படாத வீட்டாரின் மனநிலை பகைக்கு இறங்கும், பயம் மட்டும் அப்படியே நிற்கும். புத்தகம் இதைத் தொடவே இல்லை, எனக்கு இதுதான் பெரிய வருத்தம்.

முதல் அத்தியாயத்தில் பெயர்மதிப்பு என்று விருப்ப விதி ஒன்று உண்டு. ஒவ்வொரு அமைப்பிடமும் 0-வில் தொடங்கி, அவர்களுக்கு வேலை செய்யச் செய்ய ஏறும். அந்த எண் 1, 3, 10, 25, 50-ஐத் தொடும்போது ஒவ்வொரு பதவி. இதில் சரியாகப் பிடித்திருப்பது, பேர் என்பது ஊர் முழுக்க ஒன்றல்ல என்ற எண்ணம். குத்துச்சண்டைப் பரம்பரைகள் இருந்த பகுதிக்கு இது புதிதல்ல: சார்பட்டாவுக்கு வீரன் என்றால் இடியாப்ப நாயக்கர் பரம்பரைக்கு எதிராளி. அமைப்புகளின் பெயரை அடித்துவிட்டு வலைக்காரர், ஐஸ் உடைப்பவர், கூலிச் சங்கம், சந்தைக் காவல் என்று நாலு வரி எழுதுங்கள். நாலுக்கு மேல் வேண்டாம். எட்டு வைத்தால் மூன்றாவது ஆட்டத்தில் யாருக்கும் நினைவிருக்காது.

நடத்துபவர்கள் அதிகமாகச் செய்யும் தவறு காவலாளியைப் பெரிதாக்குவது. நாயகர்கள் கடைக்காரரை அடித்ததும், திடீரென்று பன்னிரண்டாம் லெவல் காவலர்கள் பத்துப் பேர் வந்து நிற்பார்கள். இவ்வளவு பேர் இருந்தும் பூதத்தை ஏன் எங்களை விட்டு வெட்டச் சொன்னீர்கள் என்று ஆடுபவர் கேட்பார், அதற்குப் பதில் கிடையாது. காவலாளியை 11 ஹிட் பாயின்ட்டோடு அப்படியே விடுங்கள். ஊரின் பலம் கூட்டத்தில் இருக்கிறது. ஊர்க்காரர் எறியும் கல்லுக்கு ஒரு நான்குமுகப் பகடை சேதம், 20 அடி வரை தடையில்லை, பழக்கமில்லாத ஆயுதம் என்பதால் கூட்டும் எண் 0. கவச எண் (அடி பட எட்ட வேண்டிய எண்) 18 உள்ள வீரன் மேல் நூற்றுக்கு 15 கல் படும். கட்டம் போட்ட தாளில் அவனைச் சுற்றி 20 அடிக்குள் 80 பேர் நிற்கலாம். பகடையில் 20 விழுந்தால் வரும் கூடுதல் சேதத்தை விட்டாலும் ஒரு சுற்றுக்குச் சுமார் 30 சேதம். 44 ஹிட் பாயின்ட் உள்ள ஐந்தாம் லெவல் வீரன் இரண்டாவது சுற்றில் விழுவான். எண்பது பகடை உருட்ட வேண்டாம், 30 என்று குறித்துவிட்டுப் போங்கள். தீப்பந்து அந்தக் கூட்டத்தைக் கலைக்கும், உண்மைதான். கலைத்தபின் அந்த ஊர் அவர்களுக்கு ஊராக இருக்காது.

2024 பதிப்பில் உரையாடல் ஆடுபவர்களின் கையேட்டுக்குப் போயிருக்கிறது. தயங்கும் ஆளிடம் எட்ட வேண்டியது 15 அல்லது அவருடைய அறிவு எண், எது பெரிதோ அது. நட்பு என்றால் இரண்டு பகடை உருட்டிப் பெரியதையும், பகை என்றால் சிறியதையும் எடுக்க வேண்டும். தோற்றால் அதே வழியில் மறுபடி கேட்க 24 மணி நேரம் காத்திருக்க வேண்டும். வேகமாக ஓடுகிறது, ஆனால் மீன்காரருக்கும் மந்திரிக்கும் பெரும்பாலும் ஒரே 15 ஆகிவிடுகிறது. அந்த 24 மணி நேர விதியை மட்டும் எடுத்து 2014 அட்டவணையோடு ஒட்டிக்கொள்ளுங்கள். "நாளைக்கு வாண்ணே" என்ற பதிலுக்கு விதியிலேயே இடம் கிடைத்துவிடும்.

காசு கொடுத்து வாங்குவதற்கு முன்: அடிப்படை விதித் தொகுப்பு 5.1 (SRD), 2023 ஜனவரியில் கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தில் வந்தது, இலவசம். ஊர்க்காரர், காவலாளி, விலைப்பட்டியல், கூலி, மந்திரங்கள் எல்லாம் அதில் இருக்கின்றன. 0, 10, 20 அட்டவணையும் பெயர்மதிப்பும் அதில் இல்லை. அவை மேலே சொல்லியாகிவிட்டன. ஊர் ஜனங்களுக்காக மட்டும் என்றால் புத்தகம் வாங்க வேண்டியதில்லை. புதையல் அட்டவணையும் மாயப் பொருளும் வேண்டுமென்றால் வாங்கலாம், ஒரு குழுவுக்கு ஒரு பிரதி போதும். ஜெராக்ஸ் கடையில் கெட்டி அட்டை வாங்கி நாலாக வெட்டி, ஓர் அட்டைக்கு ஓர் ஊர்க்காரர் என்று பன்னிரண்டு எழுதுங்கள்: பெயர், தொழில், மனநிலை, பயம், யாரை இழக்கப் பயப்படுகிறார், நாயகரை எப்படி அழைக்கிறார். நான்குமுகப் பகடை இல்லையென்றால் வீட்டிலிருக்கும் தாயக்கட்டை ஒன்றை உருட்டுங்கள், வெறும் முகத்தை 4 என்று எடுத்துக்கொள்ளுங்கள். இருபதுமுகப் பகடை இல்லையென்றால் போனில் ஒரு செயலி போதும்.