கோத்தகிரிச் சதுப்புக்கு ஆர்க்ஜிஐஎஸ்ஸா, க்யூஜிஐஎஸ்ஸா?

இரண்டும் கணினியில் நிலப்படம் வரையும் மென்பொருள்கள். முதலிலேயே சொல்லிவிடுகிறேன், நான் க்யூஜிஐஎஸ் பக்கம். ஒரே சதுப்பை இரண்டிலும் வரைந்து பார்த்த பிறகுதான் சாய்ந்தேன், ஆனாலும் சாய்வு சாய்வுதான்.

கோத்தகிரிக்குப் பக்கத்தில் மலை முகட்டை ஒட்டி இருக்கிறது அந்தச் சதுப்பு, மூன்று ஏக்கர் இருக்கும். ஒரு பக்கம் தேயிலை, ஒரு பக்கம் கேரட், தண்ணீர் வெளியேறும் வாயில் கற்பூர மரத் தோப்பு. எங்கிருந்தெல்லாம் தண்ணீர் வந்து சேர்கிறது, எங்கே போகிறது என்று ஒரு படம் போட வேண்டும், அவ்வளவுதான் வேலை. ஆனால் இங்கே முகட்டுக்கு வடக்கே விழுந்தால் மோயாறு, தெற்கே விழுந்தால் பவானி. இரண்டும் கடைசியில் பவானிசாகரில்தான் சேர்கின்றன என்றாலும், நடுவில் ஓடைத் தண்ணீரை நம்பி இருப்பவர்களுக்கு எந்தப் பக்கம் என்பது பெரிய விஷயம்.

தெரிந்த விஷயங்களைச் சீக்கிரம் முடித்துவிடலாம். ஆர்க்ஜிஐஎஸ் புரோவுக்குக் காசு, அதிலும் நீரியல் கருவிகளுக்கு ஸ்பேஷியல் அனலிஸ்ட் என்ற கூடுதல் தொகுப்பின் உரிமமும் வேண்டும். க்யூஜிஐஎஸ் இலவசம். ஆர்க்ஜிஐஎஸ்ஸின் உதவிப் பக்கங்கள் அருமையாக இருக்கும், போட்டதும் ஓடும், அச்சுக்குப் படம் அழகாக வரும். க்யூஜிஐஎஸ்ஸில் முதல் நாள் ப்ளகின் (கூடுதலாகச் சேர்க்கும் துணைநிரல்) தேடுவதிலேயே போய்விடும். பழைய யூடியூப் பாடங்களில் வரும் சாகா என்ற கருவித் தொகுப்பு இப்போது கூடவே வருவதில்லை, நெக்ஸ்ட் ஜென் ப்ளகினைத் தனியாகப் போட வேண்டும். வைட்பாக்ஸ் டூல்ஸ் என்ற இன்னொரு கருவித் தொகுப்புக்கு ப்ளகின் போட்டதோடு முடியாது, புரோகிராமையும் தனியாக இறக்கி அது எந்த ஃபோல்டரில் இருக்கிறது என்று காட்ட வேண்டும். ஃபோல்டர் பெயரில் இடைவெளியோ தமிழ் எழுத்தோ இருந்தால் சில கருவிகள் காரணமே சொல்லாமல் படுத்துக்கொள்ளும்.

இரண்டுக்கும் கொடுத்த உயரத் தரவு ஒன்றுதான், ஐரோப்பாவின் கோபர்நிகஸ் திட்டத்தின் 30 மீட்டர் டெம், அதாவது தரையை 30 மீட்டர் கட்டங்களாகப் பிரித்து ஒவ்வொரு கட்டத்துக்கும் ஓர் உயரம் சொல்லும் தரவு. பலரும் பழக்கத்தில் எஸ்ஆர்டிஎம் என்ற பழைய உயரத் தரவை எடுக்கிறார்கள், அது 2000 பிப்ரவரியில் விண்கலத்திலிருந்து எடுத்தது, உயரமும் முழு மீட்டரில்தான் இருக்கும், அதனால் சமதளமான சதுப்பு அதில் படிக்கட்டு மாதிரி தெரியும். எதை எடுத்தாலும் முதலில் மீட்டரில் அளக்கும் யூடிஎம் 43 வடக்கு ஆயத்தொகுதிக்கு மாற்றுங்கள், மாற்றும்போது பக்கத்துக் கட்டங்களின் உயரத்தைக் கலந்து கணக்கிடும் பைலீனியர் முறையைப் போடுங்கள். நான் முதல் தடவை கிட்டத்துக் கட்டத்தின் உயரத்தை அப்படியே எடுக்கும் நியரஸ்ட் நெய்பரிலேயே விட்டுவிட்டேன், மலைச்சரிவெல்லாம் துணிக்கு இஸ்திரி போட மறந்த மாதிரி கோடு கோடாக வந்தது.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். எனக்கு முடிவைத் தீர்மானித்தது காசு இல்லை, பள்ளம்.

இந்த மென்பொருள்கள் எல்லாம் அடிப்படையில் செய்வது ஒன்றுதான். ஒவ்வொரு கட்டமும் சுற்றியிருக்கும் எட்டுக் கட்டங்களில் எந்தப் பக்கம் சரிவு அதிகமோ அங்கே தண்ணீரைத் தள்ளும். சுற்றிலும் மேடாக இருக்கும் கட்டத்தில் தண்ணீர் மாட்டிக்கொள்ளும். அதற்கு இரண்டு வழி இருக்கிறது. வழியும் மட்டம் வரைக்கும் பள்ளத்தை நிரவிவிடலாம், இல்லாவிட்டால் கரையை வெட்டி வாய்க்கால் விடலாம். ஆர்க்ஜிஐஎஸ்ஸில் எல்லாரும் படிக்கும் பாடம் நிரவுவது: ஃபில், ஃப்ளோ டைரக்‌ஷன், ஃப்ளோ அக்யூமுலேஷன் (நிரவு, ஓடும் திசை, சேரும் நீர்) என்று வரிசையாக அமுக்கிக்கொண்டே போவோம். நானும் அப்படித்தான் போனேன்.

வந்த படத்தில் சதுப்பின் தண்ணீர் வடக்கே ஏறி மோயாற்றுப் பக்கம் போனது. அச்செடுத்துத் தோட்டத்துக்காரரிடம் காட்டினேன். கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "ஏன் தம்பி, தண்ணி மேட்டுல ஏறுமா?" என்றார். அப்புறம் கையோடு கூட்டிக்கொண்டு போய், கற்பூர மரங்களுக்கு நடுவே தெற்கே இறங்கும் ஓடையைக் காட்டினார். ஒரு எட்டு வைத்தால் தாண்டிவிடலாம், ஆனால் நிற்காமல் ஓடிக்கொண்டிருந்தது.

நடந்தது இதுதான். செயற்கைக்கோள் ரேடார் தரையை அளப்பதில்லை, மர உச்சியைத்தான் பெரும்பாலும் அளக்கிறது. அந்தத் தோப்பு என் டெம்மில் 11 மீட்டர் உயர அணையாக நின்றது. வடக்கே இருக்கும் கணவாயோ சதுப்பைவிட 6 மீட்டர்தான் உயரம். ஃபில் சொன்ன பேச்சைக் கேட்டு 6 மீட்டர் நிரவி, வடக்கே வழியவிட்டது. சாஃப்ட்வேரில் தப்பில்லை, கேள்வியைத் தப்பாகக் கேட்டது நான்.

அதே டெம்மை வைட்பாக்ஸில் பிரீச் டிப்ரஷன்ஸ் லீஸ்ட் காஸ்ட் கருவிக்குக் கொடுத்தேன். அது குறைந்த மண் வெட்டி வெளியேற எங்கே வழி என்று தேடும். தேடும் தூரத்தை 10 கட்டமாக வைத்தேன், தோப்பின் அகலம் நாலு கட்டம்தான். தோப்பை வெட்டிக்கொண்டு ஓடை தெற்கே இறங்கியது. எப்போதும் இப்படிச் சரியாக வரும் என்று சொல்ல மாட்டேன், வடக்குக் கணவாய் இன்னும் தாழ்வாகவோ குறுகலாகவோ இருந்திருந்தால் இதுவும் அங்கேதான் வெட்டியிருக்கும்.

நிரவுவதில் இன்னொரு வம்பும் உண்டு. சதுப்பு எங்கெல்லாம் இருக்கலாம் என்று தேட ஈரக் குறியீடு போடுவோம் இல்லையா, அது சரிவு குறையக் குறைய ஏறும். நிரவிய இடமெல்லாம் மேஜை மாதிரி சமதளம், அதனால் அங்கெல்லாம் குறியீடு எகிறி, இல்லாத சதுப்பு முளைக்கும். என் முதல் படத்தில் அப்படி முளைத்த ஒன்றின் நடுவில் ஒரு தேயிலைத் தொழிற்சாலை இருந்தது.

நியாயமாகச் சொல்ல வேண்டும் என்றால், ஆர்க்ஜிஐஎஸ் புரோவிலும் டிரைவ் கன்டினியூவஸ் ஃப்ளோ என்று ஒன்று வந்திருக்கிறது, அதற்கு நிரவ வேண்டியதில்லை, உண்மையான பள்ளம் எது என்றும் சொல்லிக் கொடுக்கலாம். இரண்டு தடவைதான் ஓட்டினேன், அதற்குள் என் உரிமக் காலம் முடிந்துவிட்டது, அதனால் அதைப் பற்றித் தீர்ப்புச் சொல்ல எனக்கு வாய் இல்லை. இதே வேலையைக் கிராஸ் என்ற இலவச மென்பொருளின் ஆர் டாட் வாட்டர்ஷெட் கருவியும் செய்கிறது, ஊட்டி ஏரி மாதிரி நிஜமாகவே தண்ணீர் நிற்கும் இடத்தைத் தனிப் படமாகக் கொடுத்துவிடலாம். மரங்களையும் கட்டடங்களையும் கழித்த ஃபேப்டெம் தரவு வணிகமல்லாத வேலைக்கு இலவசம், அதில் அந்தத் தோப்பு ஓரளவு இறங்கியது, ஆனால் ஒரே ஒரு இடத்தில்தான் பார்த்திருக்கிறேன்.

கல்லூரியிலோ அலுவலகத்திலோ ஏற்கெனவே உரிமம் இருக்கிறது, மேலே இருப்பவர்கள் ஆர்க்ஜிஐஎஸ்ஸின் கோப்பு வடிவமான ஜியோடேட்டாபேஸ்தான் கேட்பார்கள் என்றால் ஆர்க்ஜிஐஎஸ்ஸிலேயே இருங்கள், ஃபில் பட்டனை மட்டும் யோசித்து அமுக்குங்கள். சொந்தக் காசில், ஓய்வு நேரத்தில் செய்பவர்கள் க்யூஜிஐஎஸ், வைட்பாக்ஸ் என்று நேராகத் தொடங்கலாம். ஓடை வரைய, குறைந்தது 1000 கட்டத்தின் தண்ணீர் சேர்ந்தால்தான் ஓடை என்று வைக்கச் சொல்லும் பாடங்களை அப்படியே எடுக்காதீர்கள், 30 மீட்டர் கட்டத்தில் அது 90 ஹெக்டேர், நம் மலையில் அதற்குள் நாலைந்து ஓடை ஒளிந்திருக்கும். நான் 200 வைத்தேன், 18 ஹெக்டேர். அதிலும் தோட்டத்துக்காரர் காட்டிய ஓடை வரவில்லை, அதன் மேல்பகுதியைப் போனில் க்யூஜிஐஎஸ் படங்களைத் திறக்கும் கியூஃபீல்ட் செயலியைத் திறந்து, கூடவே நடந்துதான் வரைந்தேன்.