ஸ்டீயரிங் ரீகால்: கோலாலம்பூர் சர்வீஸ் சென்டர்களில் எதைக் கேட்டு வாங்க வேண்டும்?

கோலாலம்பூர் வட்டாரத்தில் கார் நிறுவனங்களின் அங்கீகாரம் பெற்ற சர்வீஸ் சென்டர்கள் செய்துதரும் ஸ்டீயரிங் ரீகால் வேலையில் (தயாரிப்புக் குறையை நிறுவனமே சரிசெய்து தருவது) கைவேலைக்கு நல்ல மதிப்பெண் தரலாம். காகித வேலைக்குத் தர முடியாது. பாகம், கூலி இரண்டும் இலவசம். வாரண்டி முடிந்திருந்தாலும், கார் மூன்று கை மாறியிருந்தாலும் அப்படித்தான்.

ஹோண்டாவையே எடுத்துக்கொள்வோம். 2024 அக்டோபரில் அமெரிக்காவில் மட்டும் ஏறக்குறைய 17 இலட்சம் கார்களுக்கு ரீகால் அறிவித்தது. சிவிக், சிஆர்-வி, எச்ஆர்-வி எல்லாம் அதில் உண்டு. மின்சாரப் பவர் ஸ்டீயரிங் கியர்பாக்ஸுக்குள் இருக்கும் வோர்ம் வீல் என்ற பல்சக்கரம் சரியாகத் தயாரிக்கப்படவில்லை. பல்லுக்கு நடுவே கிரீஸ் படலம் மெலிந்துபோகிறது. ஸ்பிரிங்கின் அழுத்தமும் அளவுக்கு மேல். இரண்டும் சேர்ந்து உராய்வைக் கூட்டுகின்றன. கியர்பாக்ஸையே மாற்றித் தருவார்கள் என்று நினைத்துப் போகிறவர்களுக்கு ஏமாற்றம்தான்: ஸ்பிரிங்கை மாற்றி, கிரீஸைச் சீராகப் பரப்புவதுதான் அங்கே அறிவிக்கப்பட்ட பழுதுநீக்கம். பிரச்சினைக்கு அதுவே சரியான மருந்து.

பிளஸ் நெடுஞ்சாலையில் நேராக ஓடும்போதுதான் இந்தக் கோளாறு தெரியும். ஸ்டீயரிங் நடுவில் ஒட்டிக்கொண்டதுபோல் நிற்கும். லேசாகத் திருப்பினால் அசையாது, கொஞ்சம் அழுத்தினால் வேண்டியதைவிட அதிகமாகத் திரும்பிவிடும். சக்கர அலைன்மெண்ட் கோளாறு வேறு. அதில் கார் ஒரே பக்கம் இழுக்கும். இதில் இடமும் வலமும் ஒரே பிடிப்பு. வெளி வொர்க்‌ஷாப்பில் போமன் (மெக்கானிக்) 'கழற்றிக் கிரீஸ் போட்டுத் தருகிறேன்' என்றால் ஒப்புக்கொள்ளாதீர்கள். ஸ்பிரிங் அழுத்தத்தைக் கண்ணால் பார்த்து வைக்க முடியாது.

கிரான்ட்டில் (காரின் பதிவுச் சான்று) உள்ள 17 எழுத்து-எண் கொண்ட சேசிஸ் நம்பரை நிறுவனத்தின் இணையதளத்தில் போட்டுப் பாருங்கள். கடிதம் வரும் என்று காத்திருக்க வேண்டாம்; பழைய காராக வாங்கியிருந்தால் அது முதல் உரிமையாளரின் பழைய முகவரிக்குப் போயிருக்கலாம். இரண்டு வகையினருக்கு இந்தச் சோதனை மட்டும் போதாது. ஜப்பானிலிருந்து வந்த ரீகண்டிஷன் (பயன்படுத்திய) கார்களின் சேசிஸ் நம்பர் குட்டையானது, நடுவில் சிறு கோடு இருக்கும். அதை அந்தந்த நிறுவனத்தின் ஜப்பான் தளத்தில்தான் தேட வேண்டும். அடுத்து, ஹாஃப்-கட் கடையில் (பழைய கார்களிலிருந்து எடுத்த பாகங்களை விற்கும் கடை) வாங்கிய ஸ்டீயரிங் ரேக்கை, அதாவது சக்கரங்களைத் திருப்பும் பாகத்தை, பொருத்தியவர்கள். தளம் 'ரீகால் இல்லை' என்று சொல்வது உங்கள் காருக்கு. பொருத்திய ரேக் எந்தக் காரிலிருந்து கழற்றியது என்று அதற்கு எப்படித் தெரியும்? ரேக்கின் மேல் உள்ள பாக எண்ணைப் படம் எடுத்துக்கொண்டு போய்க் கேளுங்கள்.

முன்பதிவு செய்யும்போதே பாகம் கைவசம் இருக்கிறதா என்று கேட்பது நல்லது. இல்லாவிட்டால் காரைப் பார்த்துவிட்டு 'பிறகு கூப்பிடுகிறோம்' என்று அனுப்பிவிடுவார்கள். ரேக்கைக் கழற்றும் வேலையாக இருந்தால் அரை நாளாவது காரை விட வேண்டிவரும். அப்படிக் கழற்றினால் அலைன்மெண்ட்டும், காருக்குத் தேவைப்பட்டால் ஸ்டீயரிங் கோணச் சென்சார் அளவுத்திருத்தமும் வேலையோடு சேர்ந்தவை. தனிக் கட்டணம் கேட்டால் மறுத்துப் பேசுங்கள். டயர் மாற்றச் சொல்வதும், ஏசி கழுவச் சொல்வதும் சர்வீஸ் கவுண்டரின் வழக்கம். வேண்டாம் என்றால் விட்டுவிடுவார்கள்.

காரை எடுக்கும்போது ரீகால் குறியீட்டு எண், மாற்றிய பாகத்தின் எண், தேதி மூன்றும் எழுதிய ஜாப் ஷீட்டைக் கேட்டு வாங்குங்கள். கேட்காமல் தருவது அரிது. நாளை காரை விற்கும்போது அதுதான் அத்தாட்சி. எஞ்சின் ஓடும்போது ஸ்டீயரிங் எச்சரிக்கை விளக்கு அணைந்திருக்கிறதா, நேர்ச்சாலையில் ஸ்டீயரிங் நடுவில் நிற்கிறதா என்று வாசலைத் தாண்டியதும் பார்த்துவிடுங்கள்; குறையிருந்தால் உடனே திரும்புங்கள்.

ரீகால் வேலைக்கே பில் போட்டுவிட்டால், பணத்தைக் கட்டி ரசீதை வைத்துக்கொண்டு மலேசியப் பயனீட்டாளர் கோரிக்கை நடுவர் மன்றத்தில் மனு கொடுக்கலாம். 50,000 ரிங்கிட் வரையிலான கோரிக்கைகளை அது விசாரிக்கும். மனுக் கட்டணம் 5 ரிங்கிட், வழக்கறிஞர் தேவையில்லை.