மின்கோப்பு: ஆறு வருடம் உழன்ற பிறகு

எங்கள் அரசு அலுவலகத்தில் காகிதக் கோப்புகள் கணினிக்கு மாறி ஆறு வருடமாகிறது. நல்லதை முதலில் சொல்லிவிடுகிறேன். கோப்பு தொலைவதில்லை. முன்பெல்லாம் ஒரு கோப்பு எந்த மேசையில் கிடக்கிறது என்று தேடுவதிலேயே பாதி நாள் போகும். இப்போது எண்ணைத் தட்டினால் யாரிடம், எத்தனை நாளாக என்று தெரிந்துவிடுகிறது. மேலதிகாரி வெளியூரில் இருந்தாலும் ஒப்புதல் வருகிறது, அவருடைய டிஜிட்டல் கையொப்பம் காலாவதியாகாதவரை. அது காலாவதியாவது பெரும்பாலும் ஏதாவது அவசர நாளில்தான்.

வேலை குறைந்ததா என்றால், இல்லை. காகிதக் கோப்பில் 'பழைய பதிவேட்டைப் பார்த்தேன், ஒரே நபர்தான், அனுமதிக்கலாம்' என்று நாலு வரி எழுதிக் கையெழுத்துப் போட்டால் கோப்பு நகரும். தப்பானால் என் தலைதான். இப்போது நிராகரிக்கும் காரணத்தைக்கூட பட்டியலில் இருந்துதான் எடுக்க வேண்டும். ஒருநாள் ஒரு பாட்டி வந்தார். இரண்டு ஆவணங்களில் பெயர் ஒரு எழுத்து இடித்தது. பதிவேட்டில் அவர் கைரேகை இருக்கிறது, ஆளே எதிரில் உட்கார்ந்திருக்கிறார். திரையில் 'பொருந்தவில்லை' என்று வந்து, அடுத்த பக்கத்துக்கான பொத்தான் சாம்பல் நிறத்திலேயே நிற்கிறது. "நான்தானே சார் வந்திருக்கேன்?" என்றார். அதைப் பதிய ஒரு கட்டம் இல்லை.

அடுத்தது நிலுவைப் பலகை, அதாவது யாரிடம் எந்தக் கோப்பு தேங்கியிருக்கிறது என்று காட்டும் திரை. கெடு தாண்டினால் என் பெயர் சிவப்பாகும். அதற்கும் ஒரு வழி கண்டுபிடித்தோம்: கடைசி நாளில் ஏதாவது விளக்கம் கேட்டுத் திருப்பி அனுப்பினால் நாள் கணக்கு மறுபடி முதலில் இருந்து ஓடும். நானும் செய்திருக்கிறேன். அறிக்கையில் நான் வேகமான அலுவலர்!

ஆஸ்திரேலிய அரசின் 'ரோபோடெட்' என்ற தானியங்கிக் கடன் வசூல் திட்டம் பற்றிப் படித்தபோது இதெல்லாம்தான் ஞாபகம் வந்தது. ஆண்டு வருமானத்தை இருவாரக் கணக்காகச் சராசரி போட்டு, உதவித்தொகை வாங்கியவர்களை இயந்திரமே கடன்காரர்களாக்கியது. முன்பு அந்தக் கணக்கை ஊழியர்கள் விசாரித்துப் பார்ப்பார்கள். அந்த வேலையைத்தான் எடுத்துவிட்டார்கள். 2023-இல் அரச விசாரணை ஆணையம் அதைக் கடுமையாகச் சாடியது.

எஸ்டோனியாவில் 2001 முதலே 'எக்ஸ்-ரோடு' என்ற தகவல் பரிமாற்ற அமைப்பு வழியாக ஒரு துறையின் தகவலை இன்னொரு துறை நேரடியாக எடுத்துக்கொள்கிறது. இங்கே பக்கத்து அறை கொடுத்த சான்றிதழை ஸ்கேன் செய்து ஏற்றச் சொல்லி மக்களைத்தான் அனுப்புகிறேன்.

ஒரே ஒரு குறிப்புக் கட்டம் வேண்டும், அதன் கீழே என் பெயர் இருக்கட்டும் என்று மூன்று முறை எழுதிக் கேட்டேன். போன மேம்படுத்தலில் திரையைக் கறுப்பாக மாற்றும் வசதி வந்திருக்கிறது.