புள்ளிக்குக் கடப்பா கல்: மூன்றரை வருட அனுபவம்

எங்கள் வீட்டு லெப்பர்ட் கெக்கோவின் பெயர் புள்ளி. வந்து மூன்றரை வருடம் ஆகிறது. அதற்குள் தொட்டியில் ஐந்து வகைத் தரையைப் பார்த்துவிட்டது. கடைசியாகப் போட்ட கடப்பா கல்லும் செம்மண்ணும் ஒன்றரை வருடமாக அப்படியே இருக்கின்றன. மதுரை வெயிலில் இந்தப் பல்லியை வளர்ப்பவர்களுக்கு என் அனுபவம் உதவலாம்.

வாங்கிய அன்றே கடையில் நீல நிறக் கால்சியம் மணல் ஒரு பை கொடுத்தார்கள். "முழுங்குனாலும் செரிச்சிரும், பயப்படாதீங்க" என்றார்கள். நம்பிப் போட்டேன். புள்ளி அப்போது குட்டி. ஆறாவது வாரம் சாப்பாட்டைக் குறைத்தது, பிறகு கழிவே வரவில்லை. எக்ஸ்ரேயில் குடல் முழுக்க வெள்ளைத் திட்டு. வெதுவெதுப்பான நீரில் தினமும் உட்கார வைத்து, மருத்துவர் சொன்னபடி பார்த்துக்கொண்டதில் ஐந்தாம் நாள் மணலாக வெளியே வந்தது. அந்த ஐந்து நாளும் வீட்டில் யாருக்கும் சரியான தூக்கமில்லை.

மருத்துவர் கேட்ட ஒரு கேள்விதான் என் பார்வையை மாற்றியது: "சூடான பக்கம் தரை எத்தனை டிகிரி?" நான் அளந்ததே இல்லை. அளந்தபோது 27. இருக்க வேண்டியது 32 முதல் 34. வயிற்றுக்குக் கீழே சூடு இல்லாவிட்டால் இதற்குச் செரிக்காது. தண்ணீர் குறைந்தாலும் இதே கதைதான். உடம்பில் கால்சியம் போதாத பல்லி, கால்சியம் மணலைத் தேடிப் போய் நக்கவும் செய்யும். மணல் மட்டும் குற்றவாளி இல்லை. ஆனால் மற்றதெல்லாம் தவறாக இருக்கும்போது அதுதான் உயிருக்கு உலை வைக்கிறது.

அடுத்து மூன்று மாதம் வெறும் டிஷ்யூ பேப்பர். பார்க்க அழகில்லை. ஆனால் கழிவின் நிறம், அளவு எல்லாம் பளிச்சென்று தெரியும். புதிதாக வந்த பல்லிக்கும் நோயிலிருந்து எழும் பல்லிக்கும் இன்றும் இதைத்தான் சொல்வேன்.

பிறகு தென்னை நார்த்தூள். ஈரமாக வைத்தால் பூஞ்சை, காயவிட்டால் தூசி மூக்கோரம் ஒட்டும். தீனிக்குப் போட்ட பாச்சை பாதி உள்ளே புதைந்துகொள்ளும். வறண்ட நிலத்துப் பல்லிக்கு இது ஒத்துவரவில்லை. பச்சைக் கார்பெட் இரண்டு வாரம்கூட நிற்கவில்லை. நூலில் நகம் மாட்டி இழுத்துக்கொண்டு நின்றதைப் பார்த்ததும் எடுத்துவிட்டேன்.

சுவர்ப் பல்லி மாதிரி இதற்கு ஒட்டும் பாதம் கிடையாது. நகம் வைத்துத் தரையில் நடக்கும் ஜீவன். ஆப்கானிஸ்தான், பாகிஸ்தான் பக்கம் இது வாழ்வது பாறையும் இறுகிய மண்ணும் உள்ள காய்ந்த நிலத்தில், மணல்மேட்டில் இல்லை. சரி, பாறைதானே, நம்மூரில் இல்லாததா என்று கல் பட்டறைக்குப் போனேன். சமையல் மேடைக்கு அறுத்த கடப்பா கல்லின் மிச்சத் துண்டுகள் ஓரமாகக் குவிந்து கிடந்தன. பாலிஷ் போட்ட பக்கம் வழுக்கும், அதனால் சொரசொரப்பான பக்கம் மேலே வரும்படி அளவுக்கு வெட்டி, விளிம்பைத் தேய்த்துக் கொடுக்கச் சொன்னேன்.

கல்லில் எனக்கு மிகவும் பிடித்தது அது சூட்டைப் பிடித்து வைப்பதுதான். அடியில் ஹீட் மேட் என்ற சூடேற்றும் விரிப்பு, சூடு அளவு மீறாமல் பார்த்துக்கொள்ள அதற்கு ஒரு தெர்மோஸ்டாட். கரண்ட் போனாலும் கல் உடனே ஆறிவிடுவதில்லை. நகமும் தானாகத் தேய்கிறது. துடைப்பது சுலபம், ஆனால் எலுமிச்சை, வினிகர் ஆகாது. கடப்பா சுண்ணாம்புக் கல் வகை, புளிப்புப் பட்டால் அரித்துவிடும். வெந்நீரும் துணியும் போதும்.

கல் இடுக்கில் பாச்சை ஒளிந்தது ஒரு தொல்லை. ஈரச் செம்மண்ணைக் குழைத்து அப்பினேன், தீர்ந்தது. அதிலிருந்துதான் அடுத்த யோசனை. மேலூர் பக்கம் அம்மாச்சி வீட்டுக் கொல்லையில், உரமும் மருந்தும் படாத இடத்தில் மண் எடுத்துச் சலித்து, வாணலியில் வறுத்தேன். ஏழு பங்கு மண், மூன்று பங்கு கழுவிய மணல். தண்ணீர் தெளித்துப் பிசைந்து, ஒரு தட்டில் இறுக்கிக் குத்தி, மாடியில் இரண்டு நாள் காயவைத்தேன். காய்ந்தபின் விரலால் அழுத்தினால் உதிரக் கூடாது. அதைத் தொட்டியின் ஒரு மூலையில் வைத்த முதல் ராத்திரியே புள்ளி முன்கால்களால் குழி பறிக்க ஆரம்பித்தது. அதுவரை அப்படி ஒரு மும்முரத்தை நான் பார்த்ததில்லை. தீனி மட்டும் மண்ணில் போடுவதில்லை, கிண்ணத்தில்தான்.

சித்திரை வெயிலில் பிரச்சினையே தலைகீழ். அறையே 36, 37 என்று நிற்கும்போது குளிர்ந்த பக்கத்துக்கு எங்கே போவது? ஹீட் மேட்டைக் கழற்றிவிடுகிறேன். மானாமதுரை மண்சட்டி ஒன்று விரிசல் விட்டது. அதைக் கவிழ்த்து, வாசலுக்கு ஓட்டை போட்டு, உள்ளே ஈர டிஷ்யூ வைத்து, சட்டியின் மேல் காலையும் மாலையும் தண்ணீர் தெளிக்கிறேன். மத்தியானம் முழுக்கப் புள்ளி அதற்குள்தான். தோல் உரிப்பதும் அங்கேயே; விரல் நுனியில் தோல் மிச்சம் நிற்பது இப்போது இல்லை.

குறை என்றால் கனம். கல்லை வைக்கும் முன் தொட்டியின் அடிக் கண்ணாடி தாங்குமா என்று பாருங்கள். நான் மேசைக்கும் கண்ணாடிக்கும் நடுவே தெர்மாகோல் விரித்திருக்கிறேன். மண் தட்டை ஆறு மாதத்துக்கு ஒருமுறை புதிதாகக் குத்த வேண்டும். அடுத்தது தைப் பொங்கலுக்கு ஊருக்குப் போகும்போது. மண் எடுக்கச் சாக்கு இப்போதே எடுத்து வைத்தாயிற்று.